விலகல் கடிதத்தில் எழுதாத காரணம்

ராணுவத்தில் குறுகிய காலப் பணி அதிகாரியாகச் சேர்ந்து, பத்து வருஷம் முடிந்ததும் மேஜராக வெளியே வந்தவன் நான். சொந்த ஊர் பேரையூர் பக்கம். குடியிருப்பது திருநகரில், வேலை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமைகளில், ராணுவ அதிகாரியாவதற்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை படமாக வந்ததற்கு அப்புறம் இந்த வரத்து கூடியிருக்கிறது. அதற்கடுத்து வருகிற எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரிய நேர்முகத்தைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்ப நீங்க ஏன் சார் வந்துட்டீங்க?" நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. எழுதி வைத்தால் இனி வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

முதலில் சம்பளத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். 2016 முதல் நடப்பில் உள்ள ஏழாவது ஊதியக் குழுப்படி லெப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் ராணுவப் பணிக்கான ஊதியம் 15,500, அப்புறம் பஞ்சப்படி, இருக்கிற இடத்தைப் பொறுத்து மற்ற படிகள். டிகிரி முடித்துவிட்டு பரங்கிமலை அகாடமியில் 49 வாரம் பயிற்சி எடுத்து வருகிற பையனுக்கு இது குறைந்த பணமில்லை. கஷ்டமும் காரணமில்லை. பனி, மலை, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்காதது எல்லாம் தெரிந்துதான் போனோம். சொல்லப்போனால் அந்த வயதில் அதற்காகவே போகிறோம்.

எங்கள் ஊருக்குப் பட்டாளம் புதிதில்லை. பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் பேரன்கள் கபடிக்கு இறங்கினால் "அடி கொல்லு, அடி கொல்லு" என்று திண்ணையிலிருந்து கத்துவார். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று தெருவுக்குச் சிலர் உண்டு. அதிகாரியாகப் போனவன் நான்தான் முதலில். ஆகவே நான் திரும்பி வந்தது ஊருக்கே ஒரு சங்கடம். அதில் பாதிப் பேருக்குக் கேன்டீன் கார்டு தொடருமா தொடராதா என்பதுதான் கவலை, அது வேறு விஷயம்.

காரணத்துக்கு வருவதற்கு முன்னால், ஒரு பட்டாலியனின் தலைவர் எப்படி உருவாகிறார் என்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பின் லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் பதவி உயர்வு காலக்கணக்குதான்: இரண்டு வருஷத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். கர்னல் பதவிக்குத்தான் தேர்வுக் குழு. அங்கே வடிகட்டல் ஆரம்பிக்கிறது. பிரிகேடியர் ஆவது அதைவிடக் குறுகலான வாசல். கர்னலாகி ஒரு பட்டாலியனை நடத்துகிற சி.ஓ.வுக்கு அந்த நாற்காலி சுமார் இரண்டு, இரண்டரை வருஷம் கிடைக்கும். அந்தக் காலத்தில், சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடின் தலைவரான பிரிகேட் கமாண்டர் அவருக்கு எழுதுகிற ரகசிய அறிக்கைதான் அவர் மேலே போவாரா, அதோடு நிற்பாரா என்பதைத் தீர்மானிக்கும். ஏ.சி.ஆர். என்போம். மதிப்பெண் ஒன்பதுக்கு. ஆனால் எல்லாருக்கும் எட்டும் ஒன்பதும் கொடுத்துக் கொடுத்து மதிப்பெண் வீங்கிப் போனதால், ஏழு வாங்கியவன் தோற்றவன் மாதிரி நடக்கிறான்.

இருபது வருஷ உழைப்பு இந்த இரண்டு வருஷத்தில் தொங்குகிறது என்றால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? 'என் காலத்தில் எதுவும் நடந்துவிடக் கூடாது' என்று நினைப்பான். நல்லது நடக்க வேண்டும் என்பதைவிடக் கெட்டது நடக்கக் கூடாது என்பது பெரிதாகிவிடும். கெட்டது நடக்காமல் இருக்க எளிய வழி, கீழே இருப்பவன் யாரும் தானாக முடிவெடுக்காமல் பார்த்துக்கொள்வது. அந்த வழிக்கு அலைபேசி வசதியாக வந்து சேர்ந்தது. பெரியப்பா காலத்தில் மலை உச்சியில் இருக்கிற போஸ்டில் வயர்லெஸ் செட் ஒன்றுதான். காலையும் மாலையும் நிலவரம் சொல்லிவிட்டால் மீதி நேரம் அங்கே இருக்கிற கேப்டன் வைத்ததுதான் சட்டம். எங்கள் காலத்தில் ரோந்து கிளம்பும்போது ஒரு போட்டோ, ஆற்றைக் கடந்தால் ஒரு போட்டோ, திரும்பியதும் ஒரு போட்டோ. சிக்னல் கிடைக்காத இடம் வந்தால்தான் நிம்மதி.

எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் வைத்துப் பதினைந்து குணங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். தானாக முன்வருவது அதில் ஒன்று, சட்டென்று முடிவெடுப்பது இன்னொன்று. அப்படிப்பட்டவனைப் பொறுக்கி எடுத்து, பயிற்சி கொடுத்து, தோளில் நட்சத்திரம் வைத்து அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வண்டியை வெளியே எடுக்கவே மூன்று இடத்தில் கேட்கச் சொன்னால்?

வண்டி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடகிழக்கில் ஒரு மலைப்பகுதியில் கம்பெனி கமாண்டராக இருந்தேன், அப்போது கேப்டன். பட்டாளத்தில் கம்பெனி என்றால் பட்டாலியனின் ஒரு பிரிவு. ஒரு ராத்திரி சிப்பாய் ஒருவனுக்கு வலது அடிவயிற்றில் வலி. போஸ்டில் இருந்த நர்சிங் உதவியாளர் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பென்டிக்ஸ் மாதிரி இருக்கிறது என்றார். அந்தப் பாதையில் இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்று நிலையான உத்தரவு. கீழே தொடர்புகொள்ள முயன்றோம், மழையில் லைன் கிடைக்கவில்லை. ஜிப்ஸியை எடு என்றேன். சிப்பாயிலிருந்து படிப்படியாக உயர்ந்து வந்த மூத்தவரான சுபேதார் சாப் தானே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். விடிவதற்குள் ஆஸ்பத்திரி சேர்த்துவிட்டார்கள், ஆபரேஷனும் ஆனது. திரும்பி வரும்போது வண்டி ஓடையில் இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. மட்கார்டு நசுங்கி ரேடியேட்டர் போனது.

காலையில் சி.ஓ. போனில் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது: "எழுத்தில் யார் அனுமதி கொடுத்தது?" இரண்டாவது கேள்வி, பிரிகேடுக்குச் செய்தி போய்விட்டதா என்பது. பையன் எப்படி இருக்கிறான் என்பதை அவர் கேட்கவே இல்லை. அப்புறம் விசாரணைக் குழு, வாக்குமூலங்கள், ரேடியேட்டர் விலை. என் பதில் சரி என்று விசாரணையிலேயே முடிந்தது. ஆனால் அந்த வருஷம் என் ஏ.சி.ஆரில் சி.ஓ. எழுதியது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கு முன்னால் இருந்த சி.ஓ.வோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் எனக்கு இது உறைத்தது. அவர் காலத்தில் ஒரு மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் ஜெனரேட்டரை வைக்கச் சொன்னது லெப்டினன்டாக இருந்த என் நண்பன். வெள்ளத்தில் அது போயே போய்விட்டது. அரசாங்கச் சொத்து, லேசான விஷயமில்லை. பிரிகேடிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு சி.ஓ. சொல்லச் சொல்லப் பதில் எழுதியவன் நான். 'இடத்தை நான் பார்த்து ஒப்புக்கொண்டேன், பொறுப்பு என்னுடையது' என்று ஒரே பத்தி. அவர் அந்த இடத்தை ஒரு தடவை நடந்து பார்த்தது உண்மைதான். ஆனால் நண்பன் பெயரே அந்தக் கடிதத்தில் கிடையாது. கையெழுத்துப் போட்டதும் நண்பனை அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து உள்ளே டீ போனது. வெளியே வந்த நண்பன் முகம் வெளிறிப் போயிருந்தான். "ஆத்தங்கரை மண்ணைப் பத்தி எனக்கு ஒரு வகுப்பே எடுத்துட்டாருடா" என்றான். அந்த மனுஷன் பிரிகேடியர் ஆகவில்லை. ஜெனரேட்டர்தான் காரணம் என்று சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைய அதிகாரிகளில் யாரும் அவர் காலத்தில் பேப்பர் போடவில்லை, அதாவது விலகல் விண்ணப்பம் கொடுக்கவில்லை.

அடுத்தவர் காலத்தில் போட்டார்கள். போர்ப் பயிற்சி குறைந்து வரவேற்புக் கலை வளர்ந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றால் பாதையோரக் கற்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடிப்போம். பட்டாளத்தில் இது பழைய வழக்கம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு மேஜர், சமோசா ஒரே வாயில் போகிற அளவில் இருக்கிறதா என்று தட்டோடு போய் சி.ஓ.வுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீட்டிங்கில் போடுகிற ஸ்லைடுக்கு நீல நிறமா பச்சையா என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பேச்சு. யூனிட்டில் தாளில் இருபது அதிகாரிகள், நேரில் அதில் பாதிதான். மீதிப் பேர் கோர்ஸ், லீவு, வேறு பணி. இருக்கிறவர்களையும் பூந்தொட்டி எண்ண விட்டால் கம்பெனியை யார் பார்ப்பது?

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் முணுமுணுப்பு என்று யாராவது நினைத்தால், செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனதும் தன் அதிகாரிகள் எல்லாருக்கும் எழுதிய கடிதத்தைத் தேடிப் பார்க்கலாம். தொழில்திறனும் நேர்மையும் தேய்கின்றன, தன்னலம் வளர்கிறது என்று அன்றே வெளிப்படையாக வருத்தப்பட்டார். தளபதியே எழுதியும் தீராத நோய் என்றால் அது தனி மனிதர்களின் குணம் மட்டுமில்லை. எதைச் செய்தால் மேலே போகலாம் என்கிற கணக்கே அப்படி இருக்கிறது. என் இரண்டாவது சி.ஓ.வும் கேப்டனாக இருந்தபோது துணிச்சலானவர் என்றுதான் சுபேதார் சாப் சொல்வார்.

இனி முக்கியமான இடம். நிரந்தரப் பணியில் இருந்த நண்பன் ஒருவன், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 20 வருஷத்துக்கு வெகு முன்பாகவே பேப்பர் போட்டான். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினான். அவனுக்கு முன்னால் போனவரும் அப்படித்தான். நான் குறுகிய காலப் பணி என்பதால், பத்து வருஷம் முடிகிற சமயத்தில் நிரந்தரப் பணியும் வேண்டாம், நாலு வருஷ நீட்டிப்பும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஏன் என்று சி.ஓ. கேட்டபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய்யில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மனைவியும் மதுரையில் டீச்சர். ஆனால் ஜெனரேட்டர் சி.ஓ. இருந்திருந்தால் அம்மாவை யூனிட் இருக்கிற ஊருக்கே கூட்டிப் போயிருப்பேன்.

ஏன் எல்லாரும் குடும்பத்தை எழுதுகிறோம்? விண்ணப்பம் யார் மேஜை வழியாகப் போகிறதோ அவரேதான் காரணம். அவர் பரிந்துரைத்தால்தான் கோப்பு நகரும், கடைசி ஏ.சி.ஆரையும் அவர்தான் எழுதுவார். வெளியே வந்து வேலை தேடும்போது நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவரும் அவரே. அப்படியிருக்க எவன் எழுதுவான்? ஆகவே டெல்லிக்குப் போய்ச் சேருகிற காகிதங்களில் எல்லாம் நோய்வாய்ப்பட்ட அம்மாக்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்தான். அதைப் படிக்கிறவர்கள் குவார்ட்டர்ஸ் கட்டுகிறார்கள், படிகளை உயர்த்துகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் பல ஆயிரம் அதிகாரி இடங்கள் காலியாக இருப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "நீ எழுதிக் குடுத்துட்டு வந்துட்டப்பா. சிப்பாய் எங்க போவான்? அவனுக்குப் பதினஞ்சு வருசம் முடிஞ்சாத்தான் பென்சன். கிறுக்குப் பிடிச்ச சி.ஓ. நாங்களும் பாத்திருக்கோம். அந்தாளுக்கும் எங்களுக்கும் நடுவுல நின்னது உன்ன மாதிரி ஒரு கேப்டன்தான்." நடுவில் நிற்கிறவனுக்குக் கால் வைக்க இடம் வேண்டாமா பெரியப்பா என்றேன். "அப்ப மத்தவனுக்கு மட்டும் இடம் இருந்துச்சா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் முடிவிலும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வருகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறேன்? போங்கள் என்றுதான். 1999-இல் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர் கொடுத்த திருச்சி மேஜர் சரவணனும் இதே ராணுவத்தின் இளைய அதிகாரிதான். ஆட்களுக்கு முன்னால் நடக்கிற வழக்கம் இன்னும் அங்கே இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். குறுகிய காலப் பணி என்றால் பத்து வருஷம், விரும்பினால் இன்னும் நாலு, மாத ஓய்வூதியம் கிடையாது. வெளியே வரும்போது பணிக்கொடையும் நீங்கள் சேர்த்ததும்தான் கையில். முதல் சம்பளத்தில் புல்லட் வாங்குவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். பரங்கிமலையிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பதில்லை.

போய்ச் சேர்ந்த யூனிட் எப்படிப்பட்டது என்று தெரிய மெஸ்ஸில் ஒரு ராத்திரிச் சாப்பாடு போதும். சி.ஓ. பேசும்போது லெப்டினன்ட்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்களா, 'இல்லை சார்' என்று யாராவது சொல்கிறார்களா, சொன்னவனை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மேஜையே மௌனமாக இருந்தால் எழுத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

தப்பு நடந்தால் அந்த மணி நேரத்துக்குள் நீங்களே மேலே சொல்லிவிடுங்கள். அடுத்தவன் வாயால் போகிற செய்திக்குக் கால் முளைக்கும். ஜிப்ஸி விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது இரண்டு: வண்டி கிளம்பிய நேரம், தொடர்புகொள்ள முயன்ற நேரங்கள், நர்சிங் உதவியாளர் சொன்னது எல்லாம் அப்போதே போஸ்ட் டைரியில் எழுதி வைத்தது. இன்னொன்று, சுபேதார் சாப் வாக்குமூலத்தில் ஒரு வார்த்தை மாறாமல் நின்றது. உங்களைவிடப் பதினைந்து வருஷம் அதிகம் பார்த்தவர் அவர். முதல் ஆறு மாதம் அவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். நான் பொறுமை இழந்து பேசிய ஒரு சாயங்காலம் அவர் சொன்னார்: "சாப், சி.ஓ. ரெண்டு வருஷம். கம்பெனி எப்பவும் இருக்கும்." ஒரு சி.ஓ.வை வைத்து விலகல் முடிவை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அவர் மாறட்டும், அடுத்தவரைப் பாருங்கள். என் முடிவு இரண்டாமவரால் மட்டும் வந்ததில்லை. மூன்றாமவரும் அதே தையலில் வந்தபோது, எனக்கு மேலே இருந்த நாற்காலிகளில் எதிலும் உட்கார எனக்கு ஆசை வரவில்லை என்று தெரிந்தது. அப்புறம்தான் எழுதிக் கொடுத்தேன்.

ராணுவத்துக்குப் போகாதவர்களுக்கும் ஒன்று. கப்பலூரில் எனக்குக் கீழே ஷிப்ட் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். வேலையை விடுகிறவன் எவனும் மேனேஜர் சரியில்லை என்று எழுத மாட்டான். 'ஊரில் விவசாயத்தைப் பார்க்கப் போகிறேன்' என்பான். உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால் அடுத்த தெரு கம்பெனியில் அதே வேலை. ஆகவே கணக்கு முடித்துப் பணம் கையில் சேர்ந்து, அனுபவச் சான்றிதழும் கொடுத்த ஒரு மாதம் கழித்து நான் போன் போடுகிறேன். இனி என்னிடம் அவனுக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை என்ற நிலையில்தான் பேசுகிறான். அப்படித்தான் எங்கள் இரவு ஷிப்டில் ஒருவர் எல்லா உடைசலையும் புதுப் பையன்கள் தலையில் எழுதிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. ராணுவத்திலும் விலகினவனிடம் ஆறு மாதம் கழித்து, அவன் யூனிட்டுக்குச் சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் கேட்டால் போதும். பெரிய செலவில்லை.

கடைசியாக, முடிவு எடுத்துவிட்டவர்களுக்கு. டி.ஜி.ஆர். என்கிற மறுவாழ்வு இயக்ககம், பணியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்பு ஏற்பாடு செய்கிறது. நான் கப்பலூருக்கு வந்தது அந்த வழியாகத்தான். இடம் குறைவு, போட்டி அதிகம், தேதி தவறினால் அவ்வளவுதான். விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போக வேண்டும். சி.ஓ. நீண்ட விடுமுறையில் கிளம்புவதற்கு முன்னால் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.